சீட்டுப் பணத்தில் வந்த முன்னச்சு

"இந்த வாரம் முன்னச்சைப் பற்றி எழுதப் போகிறேன்" என்றேன்.

எங்கள் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏன், அச்சுக்கூடத்திலே ஏதாவது தகராறா?" என்று கவலையோடு விசாரித்தார். அவருக்கு அச்சு என்றால் பத்திரிகை அடிக்கிற அச்சு. எங்கள் வீட்டிலே அச்சு என்றால் அது முறுக்கு அச்சு. நான் சொல்ல வந்ததோ, ஒரு ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கி நிற்கிற இரும்பு அச்சு. விளங்கச் சொன்னதும், "பெண்கள் படிக்கிற பக்கத்திலே ஜீப் அச்சா?" என்றார்.

"அந்த அச்சை வாங்கியதே ஒரு பெண்தான் சார், சீட்டுப் பணம் கட்டி எடுத்து."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்படியானால் எழுதுங்கள்."

போன ஆவணி மாதம் தர்மபுரி ஜில்லாவுக்குப் போயிருந்தேன். போன காரியம் என்னவோ சாமை, ராகிச் சமையலைப் பற்றி நாலு விஷயம் சேகரிக்கத்தான். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில், என்னை ஏற்றிக்கொண்டு வந்த வாடகைக் கார் "இனிமேல் நான் வரமாட்டேன்" என்று ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளை, அந்தப் புளியமரத்தடியிலேயே ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு மோட்டார்ப் பட்டறை. டிரைவர் காரின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் நிழல் தேடிக் கொட்டகைக்குள் போனேன்.

அங்கே ஒரு பழைய ஜீப், முன்கால் இரண்டும் இல்லாமல், மரக்கட்டைகளின் மேல் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் தூக்குப் பாத்திரம். அறுவைச் சிகிச்சை அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் போல வைத்த கண் வாங்காமல் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி உங்களுடையதா?" என்றேன்.

"வண்டி அவருதுக்கா. அச்சு என்னுது" என்றாள்.

இதைவிட நல்ல ஆரம்பம் ஒரு பத்திரிகைக்காரிக்கு வேண்டுமா? சாமைச் சோறு அன்றைக்குக் கிடப்பில் போயிற்று.

அவர்கள் ஊர் பென்னாகரத்துக்கு அப்பால், மலைச்சரிவில். கீழே தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து மேலே மண்பாதைதான். மாட்டு வண்டிக்கும் ஜீப்புக்கும் மட்டும் பழக்கப்பட்ட பாதை. இந்தப் பக்கத்து மலைகளைப் பற்றிப் பட்டணத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒகேனக்கல் அருவியைப் பார்க்க எல்லோரும் போகிறோம். தர்மபுரியிலிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டர், வழவழவென்று சாலை. ஆனால் அதே பென்னாகரம் வட்டாரத்தில் கோட்டூர் மலைக்கு 2021 சட்டசபைத் தேர்தலின்போது ஓட்டுப் பெட்டி யந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றித்தான் கொண்டு போனார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. நாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் பெட்டி ஏறுகிற பாதையில், வருஷம் முழுவதும் ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவு வந்ததோ!

நம் அம்மாளின் வீட்டுக்காரர் அந்த ஜீப்பை ஐந்தாறு வருஷத்துக்கு முன் கீழ்நாட்டில் யாரிடமோ வாங்கினார். புளி, ராகி, பலாப்பழம் எல்லாம் சந்தைக்கு இறங்க வேண்டும். உரமும் மளிகையும் மேலே ஏற வேண்டும். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மட்டும், ஒரு குறிப்பிட்ட மேட்டில் பின்சக்கரம் இரண்டும் சேற்றைத் தோண்டிக்கொண்டு சுற்றும். வண்டி நகராது. இரண்டு வருஷத்துக்கு முன் இவளுடைய மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது அப்படி ஒரு மழை இரவில். ஜீப் மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மூங்கிலில் போர்வையைக் கட்டித் தொட்டிலாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"பொழைச்சுக்கிட்டாங்களா?" என்று கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன்.

அவள் தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினாள். "இப்போ மருமகளுக்கு ஏழு மாசம்" என்றாள். "ஐப்பசிக்குத் தேதி குடுத்திருக்காங்க."

ஜீப் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்பதல்லவா நம் எண்ணம்? எனக்கும் அப்படித்தான் இருந்தது. மேஸ்திரிதான் என் அறியாமையைப் போக்கினார். அறுபது வயது, முப்பது வருஷத்துக்கு மேல் ஜீப்பின் கீழேயே படுத்துக் கழித்தவர். கொட்டகை மூலையில் சாத்தியிருந்த ஒரு துருப்பிடித்த இரும்புத் தண்டைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இதாம்மா இத்தனை நாள் வண்டியிலே இருந்தது. டம்மி. சக்கரத்தைத் தாங்கும், திரும்பும், அவ்வளவுதான். உசிர் கிடையாது."

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சாதாரண மோட்டார் வண்டியின் அச்சுகளில் ஒன்றுதான் வேலை செய்யும். மற்றது கூட வருகிற விருந்தாளி. ஜீப்பின் விசேஷம், எஞ்சினிலிருந்து வருகிற சக்தி நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டிக்குள் புகுந்து, ஒரு தண்டு வழியாகப் பின்னச்சுக்கும் இன்னொரு தண்டு வழியாக முன்னச்சுக்கும் போவது. முன்னச்சுக்குள்ளும் பல்சக்கரங்கள் உண்டு; இரண்டு பக்கமும் சுழலும் தண்டுகள் உண்டு. பின்சக்கரம் சேற்றில் வழுக்கினால் முன்சக்கரம் பிடித்து இழுக்கும். மேடேறுகிற மாட்டு வண்டியில் பின்னாலிருந்து நாலு பேர் தள்ளும்போது முன்னால் மாடும் இழுக்கிறதே, அதுபோல.

ஆனால் உயிருள்ள முன்னச்சுக்கு விலை அதிகம், கனம் அதிகம், டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். சமவெளியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதனால் என்ன லாபம்? ஆகவே கம்பெனியே பல ஜீப்புகளை வெறும் தாங்கு அச்சோடு விற்றது. அதோடு போகவில்லை, நாலு சக்கர இழுவையோடு வந்த ஜீப்பைக்கூடச் சில பேர் முன்னச்சைக் கழற்றி நல்ல விலைக்கு விற்றுவிட்டு, ஒரு டம்மியை மாட்டி ஓட்டினார்கள். நம் அம்மாளின் ஜீப்புக்கு நேர்ந்தது அதுதான். நடுப்பெட்டியிலிருந்து முன்பக்கம் தண்டு புறப்பட வேண்டிய வாயை ஒரு தகட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். வாங்கும்போது கீழே குனிந்து பார்த்தவர் யார்? "பெயின்ட் நல்லா இருந்துச்சுக்கா" என்றாள் அம்மாள். பெண் பார்க்கப் போகிறவர்கள் சொல்வதுபோல இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். அலுப்பாக இராது, உத்தரவாதம் தருகிறேன்.

1940-ம் வருஷம். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிற்று: 'சின்னதாக, லேசாக, நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி வேண்டும், நாற்பத்தொன்பது நாளில் மாதிரி வண்டியைக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும்' என்று. பாண்டம் என்ற கம்பெனி, ஏறக்குறைய மூடிக்கிடந்த கம்பெனி, துணிந்து இறங்கிற்று. கார்ல் புரோப்ஸ்ட் என்ற எஞ்சினீயர் இரண்டே நாளில் வரைபடம் போட்டார். எஞ்சின் கிடைத்தது, தகடு கிடைத்தது. இத்தனை சின்ன வண்டிக்கு முன்னச்சுக்கு எங்கே போவது? புதிதாக வார்க்க நாளில்லை. ஸ்பைஸர் என்கிற அச்சுக் கம்பெனிக்குப் போனார். அங்கே ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற குடும்பக் காருக்காகச் செய்துகொண்டிருந்த அச்சை எடுத்து, வெட்டித் திருத்தி, இந்த வண்டிக்குப் பொருத்தினார்கள். செப்டம்பர் 23-ந் தேதி, கெடு முடிய ஏறக்குறைய அரைமணி நேரம் இருக்கும்போது வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் அதே ஜாடையில் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின.

ஆக, உலகத்தின் முதல் ஜீப்பே இரவல் அச்சில்தான் ஓடிற்று! இந்தச் செய்தியை மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தீங்களா, நம்ம தொழில் அப்பவே இருந்திருக்கு" என்றார்.

நம் நாட்டுக்கு வந்த கதை வேறு. மகீந்திரா சகோதரர்கள் 1945-ல் குலாம் முகம்மது என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தேசம் பிரிந்தபோது கூட்டாளி பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதி மந்திரி ஆகிவிட்டார். 1948-ல் கம்பெனி மகீந்திரா அண்டு மகீந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பைத் துண்டு துண்டாகக் கப்பலில் வரவழைத்துப் பம்பாயில் மாட்டி விற்கத் தொடங்கி, பிறகு இங்கேயே முழுக்கச் செய்தார்கள். சர்க்கார் அதிகாரி, மலேரியா ஒழிப்புக்காரர், எஸ்டேட் துரை, தேர்தல் அபேட்சகர், எல்லோருக்கும் ஜீப்தான். உருவம் ரொம்ப வருஷங்களுக்கு அதிகம் மாறவில்லை. அதனால்தான் ஒரு வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்குச் சேரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை முக்கால்வாசி நிஜம். மீதிக் கால்வாசியில்தான் நம் அம்மாளின் பணம் மாட்டிக்கொண்டது.

சீட்டு எடுத்த பணத்தோடு புருஷனும் மகனும் சேலத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போய், கழித்துக் கட்டிய ஜீப் ஒன்றின் முன்னச்சை வாங்கி, சரக்கு வண்டியில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்கள். "எல்லா ஜீப் அச்சும் ஒண்ணுதான், கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். நான் போய்ச் சேர்ந்த சமயம், மேஸ்திரி கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி, பல்சக்கரம் அடங்கிய புடைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. ஜீப்பின் முன்னச்சில் அது நட்டநடுவில் இராது. ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நடுப்பெட்டியிலிருந்து வரும் தண்டு அதற்கு நேராக வந்து சேர வேண்டும். வேறு ஜாதி வண்டியின் அச்சில் அது மறு பக்கம் இருந்தால் தண்டு கோணிக்கொள்ளும். 'திருப்பிப் போட்டுவிட்டால் என்ன?' என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். தலைகீழாகத் திருப்பினால் பக்கம் சரியாகிவிடும். ஆனால் பின்சக்கரம் முன்னே போகும்போது முன்சக்கரம் பின்னே போகும் என்றார். வண்டி இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நடுவிலேயே நிற்கும். அப்புறம் நான் யோசனை எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பரீட்சையில் அச்சு தேறிவிட்டது. அடுத்த பரீட்சைக்கு மேஸ்திரிக்கு வேண்டியிருந்தது ஒரு சாக்கட்டித் துண்டுதான். அச்சின் ஒரு பக்கச் சக்கரத் தட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி பட்டறைப் பையனிடம் சொன்னார். மறு பக்கத் தட்டில் ஒரு கோடு, தண்டு சேரும் மூக்கில் ஒரு கோடு. தட்டைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒரு பக்கம் பிடித்திருப்பதால் இந்த இரண்டு சுற்று, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றியதற்குச் சமம். அதற்குள் மூக்கு எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். எண்ணியவள் அம்மாள்தான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... அஞ்சும் இன்னும் ஒரு காலுக்கு மேலே."

மேஸ்திரியின் முகம் சுருங்கிற்று. ஜீப்பின் பின்னச்சிலும் அதே மாதிரி செய்து பார்த்தார்கள். அங்கே ஐந்து முழுசாக ஆகவில்லை. ஐந்துக்குச் சற்றுக் குறைவு.

பழைய ஜீப்புகளில் பெரிய பல்சக்கரத்துக்கு 43 பல், சின்னதற்கு 8 பல். வகுத்துப் பார்த்தால் 5.38. வேறு சிலவற்றில் 39 பல்லும் 8 பல்லும், அது 4.88. வாங்கி வந்த அச்சு முதல் ஜாதி. வண்டியின் பின்னச்சு இரண்டாவது ஜாதி. நடுப்பெட்டி இரண்டு தண்டுகளையும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். எனவே பின்சக்கரம் பதினோரு சுற்றுச் சுற்றும்போது முன்சக்கரம் பத்துச் சுற்றுத்தான் சுற்றும்.

"ஒரு சுத்துதானே வித்தியாசம், அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதா?" என்று மகன் இழுத்தான்.

இதற்குப் பதில் சொன்னது மேஸ்திரி அல்ல, அம்மாள். "டேய், நானும் உங்க ஆயாவும் எதிரும் புதிருமா உக்காந்து ராகி அரைப்போம். ஒரே கல்லு, ஒரே புடி. நான் வேகமா இழுத்தா கெழவி கை பிசகிடும். கெழவி வேகமா இழுத்தா என் தோள் போயிடும். இதுவும் அதானே மேஸ்திரி?"

"அதேதாம்மா" என்றார் மேஸ்திரி. "சேத்துலே ஓட்டினா சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும். கெட்டியான பாறை மேலே ஓட்டினா, வழுக்க எடமில்லாம உள்ளே முறுக்கும். எது பலவீனமோ அது ஒடியும். அது மேட்டு நடுவிலேதான் ஒடியும்."

இயந்திர சாஸ்திரத்தில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கல்லூரியிலும் கேட்டதில்லை. கூடவே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இரண்டு அச்சும் ஒத்திருந்தாலும்கூட, வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன. பின்சக்கரங்கள் சின்ன வட்டம். ஆகவே உலர்ந்த தார்ச்சாலையில் நாலு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக்கூடாது. மண்ணிலும் மழையிலும் மட்டும்தான். வீட்டில் ஜீப் வைத்திருக்கிற சகோதரிகள் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். அவர் மிரண்டு போவார்.

அன்றைக்கு வேலை அதோடு நின்றது. மறுநாள் சேலத்துக்கு அச்சைத் திருப்பிக் கொண்டுபோனபோது அம்மாளும் கூடப் போனாள். கடையில் என்ன நடந்தது என்று மகனைக் கேட்டேன். "அம்மா ஒண்ணும் பேசலைக்கா. அச்சு மேலேயே உக்காந்துக்கிச்சு. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கலை" என்றான். சாயங்காலம் வேறு அச்சு கிடைத்தது. வாங்குவதற்கு முன் கடையிலேயே சாக்கட்டிக் கோடு போட்டு அவளே எண்ணினாளாம்.

எனக்குத் தர்மபுரியில் இன்னும் இரண்டு நாள் வேலை இருந்தது. இருந்ததாக நானே தீர்மானித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை பட்டறைக்குப் போனால், புது அச்சை (பழைய அச்சுத்தான், ஆனால் இவர்களுக்குப் புதிது) பிரித்துப் பரப்பியிருந்தார்கள். டீசலில் கழுவிய சாமான்கள் ஒரு தாம்பாளத்தில், சீர்வரிசை மாதிரி.

முன்னச்சில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. பின்சக்கரம் சும்மா சுழன்றால் போதும். முன்சக்கரம் சுழலவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். சுழல்கிற தண்டு நடுவில் முழங்கை மாதிரி மடங்கவேண்டும்! சாதாரணக் கூட்டல் குறி மாதிரியான இணைப்பைப் போட்டால் மடங்கும். ஆனால் மடங்கிய நிலையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். ஓட்டுகிறவர் கையில் சுக்கான் சக்கரம் வெட்டி வெட்டி இழுக்கும். அதைத் தீர்க்க 1920-களில் பல தேசத்து மூளைகள் பாடுபட்டன. பிரான்ஸில் கிரெகுவார் என்பவரின் டிராக்டா இணைப்பு. அமெரிக்காவில் அல்ஃபிரெட் ரெஸெப்பாவின் குண்டு இணைப்பு. யுத்த காலத்தில் எந்த ஒரு ஜாதியும் போதுமான அளவு கிடைக்காததால், ஒரே மாதிரி ஜீப்புகளுக்கு நாலு விதமான இணைப்புகளைக் கிடைத்தபடி போட்டு அனுப்பினார்கள்.

இந்த அச்சில் இருந்தது குண்டு இணைப்பு. சின்னக் கொட்டாங்கச்சியைப் பெரிய கொட்டாங்கச்சிக்குள் கவிழ்த்து, இரண்டுக்கும் நடுவே ஆறு எஃகுக் குண்டுகளைப் பள்ளங்களில் உருளவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டுகள் சாய்வுக்கு நடுவாகவே நின்று, வேகத்தை உள்ளது உள்ளபடி கடத்திவிடும். மேஸ்திரி கூட்டைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு குண்டாக எடுக்க, அம்மாள் பல்லாங்குழி சோழி மாதிரி தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றையும் முந்தானையில் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாராம். ஆறும் சுத்தம்.

பிறகு பல்சக்கரங்கள் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய சக்கரத்தின் பற்களில் ஏதோ வர்ணத்தைத் தடவிச் சுற்றினால், சின்னச் சக்கரம் தொட்ட இடத்தில் தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஊளையிடும், சீக்கிரம் தேயும்.

"குங்குமம் கொண்டாரட்டுமா?" என்றாள் அம்மாள்.

"வேணாம்மா, இதுக்குன்னு நீல மை இருக்கு. குங்குமத்தை வண்டிக்கு வெளியே வைப்போம்" என்றார் மேஸ்திரி.

அச்சைத் தூக்கி மாட்டியது அரைமணி வேலை. ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்காரவைத்து யூ போல்ட்டை முறுக்குவது, பிரேக் குழாயைச் சேர்ப்பது, சுக்கான் கம்பிகளைப் பூட்டுவது எல்லாம் மளமளவென்று நடந்தன, வர்ணிக்க ஒன்றுமில்லை. சக்கரத்தை நேர்படுத்துவதில்தான் நேரம் போயிற்று. முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் ஓர் அரிசிமணி கனம் நெருங்கியிருக்க வேண்டுமாம். கயிறு பிடித்து அளந்தார்கள். சக்கரம் திரும்புகிற முளை மேலே கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டுமாம். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வு இல்லாவிட்டால் கையை விட்டு ஓட்ட முடியுமா? அதே தத்துவம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு தகட்டைச் சொருகி அதைச் சரிசெய்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு, கேட்கவும் வேண்டும். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்தும் பதிவுப் புத்தகத்திலிருந்தும் மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்பது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. கம்பெனியிலிருந்து டம்மி அச்சோடு இறங்கிய வண்டிக்கு உயிர் அச்சை இஷ்டப்படி மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல ஓட்ட முடியாது. இந்த ஜீப்போ நாலு சக்கர இழுவையோடு பிறந்த மாடல்; நடுவில் கழற்றியவர்தான் சட்டத்தை மாற்றியவர். ஆனாலும் வீட்டுக்காரர், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்துதான் வேலையைத் தொடங்கினார். பதிவுப் புத்தகம் ராகிப் பானைக்குள் பத்திரமாக இருந்ததாம், அம்மாளின் உபயத்தில்.

நாலாம் நாள் சோதனை ஓட்டம். எங்கே தெரியுமா? அந்த மேட்டிலேதான். மழை இல்லாத குறையைத் தீர்க்க, ஊர்க்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மண்பாதையைச் சேறாக்கி வைத்திருந்தார்கள். எனக்கும் பின்னால் இடம் கொடுத்தார்கள். முதலில் டம்மி காலத்து முறைப்படி, பின்சக்கரத்தை மட்டும் வைத்து ஏற்றினார் வீட்டுக்காரர். பாதி மேட்டில் சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி என் புடவை வரை அடித்தது. வண்டி நின்றது. சிறிய கம்பியைப் பிடித்து இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி மெதுவாகக் கிளட்சை விட்டார்.

முன்சக்கரம் ஒரு கணம் தயங்கிற்று. பிறகு தவழ்கிற குழந்தை கையை ஊன்றுவதுபோல ஊன்றி, ஜீப் மேலே ஏறிற்று. அவசரமே இல்லை. ஊர்ந்துகொண்டே போய் மேட்டுக்கு மேல் நின்றது. ஊர்ப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நான் அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேட்டைப் பார்க்கவில்லை. மேட்டுக்குக் கீழே, மாமியாரைத் தொட்டில் கட்டி இறக்கிய ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி மட்டும் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு எச்சரித்தார்: "நாலும் இழுக்குதுன்னு தைரியத்திலே எங்கே வேணும்னாலும் எறக்கிடாதீங்க. முன்னாலே ஒண்ணு, பின்னாலே ஒண்ணு, குறுக்கே குறுக்கே அந்தரத்திலே தொங்கினா, அந்த ரெண்டும்தான் சுத்தும். தரையிலே இருக்கிறது சும்மா நிக்கும்."

ஐப்பசி பிறந்து இரண்டாவது வாரம், ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஒரு போன். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"அக்கா, பென்னாகரம் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். பொண்ணு பொறந்திருக்கு."

"மேடு?" என்றேன்.

"ஏறி எறங்கிட்டோம்கா. சாயங்காலம் ஆறு மணிக்கே பொறப்பட்டுட்டோம். மருமகளை முன்னாலே உக்கார வச்சு நான் பிடிச்சுக்கிட்டேன்." கொஞ்ச நேரம் யாரோடோ பேசினாள். மறுபடி வந்தாள். "இடது முன்சக்கரத்துலே எண்ணெய் கசியுதுக்கா. வழியிலே மேஸ்திரி வீட்டுக் கதவைத் தட்டி அந்த நேரத்துலே காட்டினேன். சீல் போயிருக்காம். குழந்தையைப் பாத்துட்டு, திங்கட்கிழமை கொண்டாரச் சொன்னாரு."